ஒன்பதாவது பிளாக்கின் சிவப்பு

கயிற்றில் தொங்கிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவனுக்கு முப்பத்து நான்கு என்பது கிழ வயது. தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, இனிமேல் கயிறு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதும் பெல்ட்டைக் கழற்றிக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். வருத்தப்பட்டேனா என்று கேட்கிறார்கள். இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பேருந்தில் போனால், நான் தொங்கிய சுவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு?

இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் தரையில் ஒரு லேசர் கருவியை வைத்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். ஐந்து மாடிச் சுவரில் பச்சைக் கோடுகள் கட்டம் கட்டமாக விழுகின்றன. நாங்கள் நூல் பிடித்த கதையைச் சொன்னால் நம்ப முடியாமல் சிரிக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, உனக்கு ரொம்ப பேஜாரு குடுத்த செவுரு எது?"

எண்ணெய்த் தொட்டியையோ, அனல்மின் நிலையப் புகைபோக்கியையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். எர்ணாவூரில் ஒரு குடியிருப்பு, பிளாக்கின் பக்கச் சுவர் என்றேன். "அதுவா? சும்மா கோடும் கட்டமுமா இருக்குமே, அதுல இன்னா கஷ்டம்?" என்றான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறவர். அம்மா மீன் விற்றவர். நான் படம் நன்றாகப் போடுகிறேன் என்று ஒரு வாத்தியார் சொல்லி, அது வீட்டில் ஒரு சண்டையாகி, பிறகு சமாதானமாகி, ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே படித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உருவம் வரையக் கற்றேன். உருவத்தை விட்டுவிடவும் அங்கேதான் கற்றேன். இரண்டாவதுதான் கடினம். முடித்துவிட்டு வெளியே வந்தபோது ரோசலின் மேடம் தன் சுவர் வேலைகளுக்கு உயரத்துக்குப் பயப்படாத ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் இல்லை. அவ்வளவுதான் தகுதி.

மேடம் ராயபுரத்துக்காரர். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். நல்ல தமிழில் பேசுவார், கோபம் வந்தாலோ மனசுவிட்டுப் பேசினாலோ எங்கள் தெருத் தமிழுக்கு வந்துவிடுவார். ஒரு வேலை தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போய், சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பார். கடலையைத் தோல் நீக்கித் தின்பார். சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்ப்பார். கண் முதலில் எங்கே போகிறது என்று பிடிக்கத்தான் அது. பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றால் மறுபடி அடிக்க வேண்டும். "சரி, டீ சொல்லு" என்றால் முடிந்தது.

அவர் வரைந்ததெல்லாம் வட்டம், சதுரம், பட்டை, கோணம். மனித முகம் கிடையாது, பூ கிடையாது, மீன்கூடக் கிடையாது. கடற்கரைப் பகுதி என்றால் மீன் வரைய வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். என் அப்பா ஒருமுறை வேலை முடிந்த சுவரைப் பார்க்க வந்தார். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். "கலரு சூப்பரா கீதுபா. படம் எப்ப போடுவ?" என்றார்.

மேடத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். "நான் பொறந்த தெருவுல வெறும் செவுருனு ஒண்ணு பாத்ததே இல்லடா. ஒரு பக்கம் தலைவர், ஒரு பக்கம் சாமி, நடுவுல சோப்பு. ஒண்ணு ஓட்டு போடுங்குது, ஒண்ணு கும்புடுங்குது, ஒண்ணு வாங்குங்குது. ஏழை ஜனம் இருக்கிற எடத்துல எல்லா செவுரும் எதையாவது கேட்டுகினே இருக்கும். ஒரு சதுரம் உன்கிட்ட எதனா கேக்குதா? பாரு. நல்லா பாரு. கேக்குதா?"

கேட்கவில்லை. கல்லூரியில் இந்த ஓவிய முறையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். வேறு நாடுகளில் போருக்கும் புரட்சிக்கும் நடுவே யார் யார் ஏன் சதுரத்தைக் கையில் எடுத்தார்கள் என்று தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது மேடம் கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொன்ன அந்தப் பேச்சில்தான்.

அதற்காக எங்கள் ஊரில் வண்ணங்கள் சும்மா இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. திருவொற்றியூரில் ஒரு கிடங்குச் சுவரில் கறுப்புப் பட்டையை ஒட்டிச் சிவப்புப் பட்டை அடித்த அன்று மாலையே ஒரு கூட்டம் வந்து எங்களுக்குக் கை கொடுத்தது. மறுநாள் காலை இன்னொரு கூட்டம் வந்து ஏணியைப் பிடுங்கியது. இரண்டு பட்டைக்கும் நடுவே சாம்பல் நிறம் ஒன்றை மேடம் விட்டார். சண்டை தீர்ந்தது, படமும் முன்னைவிட நன்றாக இருந்தது. அன்றிலிருந்து எந்த இரண்டு வண்ணம் எங்கே தொட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வண்ணத்தில் நாங்கள் உஷார். வடிவத்தில் ஏமாந்தோம்.

எர்ணாவூர் வேலை நான் பொறுப்பேற்று நடத்திய முதல் வேலை. ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. ஒரே மாதிரிப் பிளாக்குகள், ஒரே மாதிரி மஞ்சள் சுண்ணாம்பு. எண்கள் அழிந்துவிட்டதால் வந்தவர்கள் வீடு தேடி அலைவார்கள். ஒவ்வொரு பிளாக்கின் பக்கச் சுவரிலும் ஒவ்வொரு வடிவம் வர வேண்டும் என்பது திட்டம். ஒன்பதாவது பிளாக்குக்கு மேடம் வரைந்தது இதுதான்: கீழே இடது ஓரத்தில் பெரிய கால்வட்டம், நீலம். நடுவில் சாய்ந்த சாம்பல் பட்டைகள். மேலே வலது பக்கம் சிவப்பு முக்கோணம் ஒன்று, கூர்முனை கீழே பார்த்தபடி.

வேலை முறையைச் சொல்கிறேன், லேசர்த் தம்பிகளும் கேட்கட்டும். மொட்டைமாடியிலிருந்து தூக்குக் குண்டு விட்டு நேர்கோடு எடுப்போம். பிறகு நூலை நீலப் பொடியில் புரட்டி, மேலே ஒருவன் கீழே ஒருவன் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, நடுவில் தொங்குகிறவன் நூலைச் சுண்டி விடுவான். 'டப்' என்று ஒரு சத்தம். சுவரில் நீலக்கோடு விழும். ஒரு பழைய சுவர் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். கடல்காற்று அடிக்கும் நேரத்தில் நூல் ஆடும். அதனால் கோடு போடுவதெல்லாம் விடிகாலையில்.

இன்னொரு முறையும் உண்டு, அதுதான் முக்கியம். பக்கச் சுவரில் சமையலறை ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். ஆகாயத்திலிருந்து ஓர் ஆண் சட்டென்று ஜன்னலில் வந்து இறங்கினால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? அதனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே நின்று, ரோலர் கம்பியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "பெயிண்ட்டு வருது!" என்று குரல் கொடுப்போம். "வா" என்று பதில் வந்தால்தான் இறங்குவோம். இறங்கினாலும் உள்ளே பார்ப்பதில்லை. அவர்களாகக் கூப்பிட்டால் பேசுவோம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறியவன் எங்கள் குழுவில் இருந்ததில்லை.

மூன்றாவது மாடி ஜன்னலில் சகுந்தலா அக்கா இருந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். கணவர் இறந்துவிட்டார், மகள் கல்யாணமாகிப் புழலில் இருக்கிறாள். முதல் நாளே ஜன்னல் கம்பி வழியாக டம்ளரை நீட்டினார்.

"இன்னா நைனா, காத்தாலருந்து வவ்வாலாட்டம் தொங்கிகினு கீற. டீ குடி."

"கை பூரா பெயிண்ட்டுக்கா."

"வாய்லயா கீது பெயிண்ட்டு? புடி."

அதன்பின் தினமும் டீ. நான் படித்தவன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "படிச்சிட்டு ஏன்டா கயித்துல தொங்குற? படிக்காதவனே ஃபேன் காத்துல ஒக்காந்துகினு கீறான்" என்று கேலி செய்வார். நீலத்தை முடித்தோம், சாம்பலை முடித்தோம். சிவப்புக்கு வந்தோம்.

முக்கோணத்துக்கு முதல் பூச்சு அடித்துவிட்டு நான் கீழே இறங்கியபோதே தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. பிளாக் சங்கத்தின் தலைவர் முனுசாமி, மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னாபா இது, எங்க பிளாக்குல மட்டும் கொயந்த பெத்துக்கக் கூடாதா?"

"என்னண்ணே?"

"அங்க பாரு."

சாலைக்கு எதிர்ப்பக்கம் சுகாதார நிலையத்தின் பழைய சுவர். வெளிறிப்போன ஒரு சிவப்பு முக்கோணம், தலைகீழாக. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம். நாடு முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் பேருந்துகளின் முதுகிலும் நான் சிறுவயதிலிருந்து பார்த்தது. மேடமும் பார்த்தது. எங்கள் குழுவில் எல்லாரும் பார்த்தது. அதையே பல மடங்கு பெரிதாக, புத்தம் புதுச் சிவப்பில், ஒரு குடியிருப்பின் நெற்றியில் எழுதி வைத்திருந்தோம்.

"மாமு, உனக்குத்தான் நாலு ஆயிடுச்சே, நீ காலி பண்ணிட்டுப் பத்தாவது பிளாக்குக்குப் போயிடு" என்றான் ஒருவன். முனுசாமி அவனைச் செல்லமாக முதுகில் அறைந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவரும் சிரித்தார். "ஜோக்குதானே. ஒரு வாரத்துல அடங்கிடும். செவப்பு அப்புறமும் இருக்கும். ரெண்டாவது பூச்சு போடு" என்றார்.

மறுநாள் இரண்டாவது பூச்சோடு இறங்கி, மூன்றாவது மாடி ஜன்னலுக்கு மேல் தட்டினேன். "பெயிண்ட்டு வருது!" பதில் இல்லை. மறுபடி தட்டினேன். ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. பதில் வராமல் இறங்கக் கூடாது என்பதால் அங்கேயே தொங்கினேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஆள் இருக்கிறார்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது நாள் தட்டியபோது கதவு திறந்தது. டீ இல்லை.

"இன்னும் எத்தினி நாளு அது?" என்றார், மேலே கண்ணைக் காட்டி.

"கெட்டிச் செவப்புக்கா. இன்னொரு பூச்சு போட்டா வருசக் கணக்குல நிக்கும்."

"நிக்குமா?" என்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் கேட்காத குரலில் பேசினார்.

"ரெண்டாவதா பொண்ணு பொறந்ததும் நானே சொல்லித்தான் ஆபரேசன் பண்ணிகினேன். யாரும் கட்டாயப்படுத்தல. ரெண்டு போதும்னு எனக்கே தோணுச்சு. அப்புறம் பெரியவன், மொதோ புள்ள, மஞ்சக்காமாலையில பூட்டான். நான் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயி, அவுத்து உடுவீங்களானு கேட்டேன். அங்க இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, கேட்ட வெதம் அப்டி. அந்த வராண்டாவுல ஒக்காந்து எதுத்தாப்ல கீற செவுத்தையே பாத்துகினு இருந்தேன். இதான் இருந்துச்சு. இதே செவப்பு."

நான் கயிற்றில் ஆடாமல் இருக்கச் சுவரில் கால் ஊன்றிக்கொண்டேன்.

"பழைய எடத்துல எல்லாருக்கும் அவனத் தெரியும். பாக்குறவங்கல்லாம் ஆறுதல் சொல்லியே என்னை ஒரு வயி பண்ணாங்க. இங்க வந்தப்புறம் ஒருத்தருக்கும் தெரியாது. அதான் எனக்கு நிம்மதி. இப்ப வேலை உட்டு வர்றப்பல்லாம், பஸ்சுலருந்து எறங்குனா, என் வூட்டு மேல அது கீது." கம்பிக்கு இன்னும் நெருங்கி, "கீய சொல்லிடாத. சொன்னா மறுபடியும் எல்லாரும் ஆறுதல் சொல்ல வருவாங்க" என்றார்.

"சொல்ல மாட்டேன்கா. மாத்திடுறேன்."

எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அதிகாரிகள் வந்து பார்க்கும் நாள் நெருங்கிவிட்டது. படம் மேடத்துடையது. காரணத்தையோ சொல்ல முடியாது.

மேடம் மாலையில் வந்தார். நேராகச் சாலையின் அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். கடலை. திரும்பினார். முகம் மலர்ந்தது. "சரி, டீ..." என்று ஆரம்பித்தார்.

"மேடம், அந்த முக்கோணம் வேண்டாம்."

"ஜோக்குக்கா பயப்படுற?"

"ஜோக்கு இல்லை மேடம்."

"வேற இன்னா? அந்தச் செவப்பு இல்லன்னா அந்த நீலம் செவுத்த உட்டு ஓடிப்பூடும். தெரியுதா இல்லியா உனக்கு?" கோபம் வந்துவிட்டது என்று மொழியிலேயே தெரிந்தது.

"தெரியுது மேடம். ஆனா சதுரம் யாரையும் எதுவும் கேக்காதுன்னு நீங்க சொன்னீங்க. இது கேக்குது."

"யாரை?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டியா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். ஒருத்தர் தினமும் அதுக்குக் கீழதான் வீட்டுக்குள்ள போகணும். தினமும் அது அவங்களை ஒண்ணு கேக்குது."

மேடம் என்னைப் பார்த்தார். பையில் கையை விட்டார், கடலையை எடுக்கவில்லை. எதிரே இருந்த சுகாதார நிலையச் சுவரை, முதல்முறையாகப் பார்ப்பவர் போல, வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் சுவரை. மறுபடி அதை.

"எந்த ஜன்னல்னு மட்டும் சொல்லு."

"அதுவும் வேண்டாம் மேடம்."

"திமிரு புடிச்சவன்" என்றார். அடுத்து, "இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றார். இந்த முறை அது எனக்குச் சொன்னதல்ல, அவருக்கே சொல்லிக்கொண்டது.

தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். சுவரின் சிறு படத்தை வைத்துக்கொண்டு முக்கோணத்தை நிமிர்த்திப் பார்த்தார்: கூரை மாதிரி இருந்தது. "வூடு குடுத்தோம்னு பெருமை பேசுற மாதிரி கீது. வேணாம்." வட்டமாக்கிப் பார்த்தார்: நெற்றிப் பொட்டு. "இதுவும் எதையோ கேக்குது." கூர்முனையை வெட்டினார்: வாளி. வெறுத்துப்போய்ப் பென்சிலை என்னிடம் கொடுத்தார். நான் முக்கோணத்தை அப்படியே விட்டு, அதன் இடது பக்கத்தில் அதே அளவில் நிமிர்ந்த முக்கோணம் ஒன்றை ஒட்டி, இரண்டையும் ஒரே சிவப்பாக்கினேன். பள்ளியில் இணைகரம் என்று படித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த நீளப் பலகை.

மேடம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது இன்னா?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

பெரிதான சிவப்பு சாம்பல் பட்டைகளைத் தின்றுவிட்டது. நீலம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நீலக் கால்வட்டத்தைச் சிறிதாக்க வேண்டும் என்றார் மேடம். அதாவது முடித்த வேலையைத் திரும்ப மூடி, நூல் அடித்து, மறுபடி அடிப்பது. குழுவில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே திட்டினார்கள். திட்டிக்கொண்டே முடித்தார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இதற்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அர்த்தம் எதுவும் இல்லை சார்" என்றார் மேடம், அதைவிட மரியாதையாக.

ஆனால் குடியிருப்பு அப்படி விட்டுவிடுமா? கப்பலிலிருந்து விழப்போகும் கண்டெய்னர் என்றார்கள் பிள்ளைகள். சாய்ந்த கட்டில் என்றார் முனுசாமி. என் அப்பா வந்து பார்த்துவிட்டு, "சரியா கட்டல, அதான் சாயுது" என்றார். நாங்கள் யாரையும் மறுக்கவில்லை. நாளுக்கொன்று சொல்லிக்கொள்ளலாம், எதுவும் ஒட்டாது. ஒரு வடிவம் அந்த அளவுக்கு வெறுமையாக இருப்பது எவ்வளவு அரிது என்று எனக்கு அந்தச் சுவரில்தான் தெரிந்தது. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான வேலை அது. அதைவிட உயரமான சுவர்கள் உண்டு, அதைவிட அழகானவையும் உண்டு. அதைவிடச் சரியானது இல்லை.

இதை எழுதுவதற்கு முன் எர்ணாவூருக்குப் போனேன். இந்த முறை படியேறி, வாசல் வழியாக. பழக்க தோஷத்தில் கதவுக்குப் பக்கத்துச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "பெயிண்ட்டு வருது!" என்றேன். உள்ளே சிரிப்பு கேட்டது. "வா."

டீ போட்டுக் கொடுத்தார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எய்து நைனா. என் பேரை மாத்திடு, பிளாக்கு நம்பரையும் மாத்திடு. அவன் பேரை எய்தவே வேணாம். அது என்கிட்டயே இருக்கட்டும்."

அப்படியே செய்திருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பிளாக் தெரியாமல் கீழே சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா டம்ளரை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

"ஒம்போதாவது பிளாக்குபா. நம்பர்லாம் தேடாத, அழிஞ்சி போச்சி. செவுத்துல பெருசா செவப்பு ஒண்ணு கீது பாரு... ஆங், அதான். அதுக்கு நேர் கீய கீற ஜன்னலு." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி வைத்து மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னாவா? ஒண்ணும் இல்லபா. செவப்பு. அவ்ளோதான். நீ மேல வா."